வேலையோட சேர்ந்து வேற என்னவெல்லாம் போகுது?

இன்னைக்கு எபிசோட்ல நாம பேசப்போறது, நிறைய பேர் வெளிய சொல்லவே தயங்குற ஒரு விஷயம். வேலை போயிடுச்சு. அதுக்கப்புறம் தன்னம்பிக்கையை எப்படிக் காப்பாத்திக்கிறது?

முதல்லயே ஒண்ணு சொல்லிடுறேன். "பாசிட்டிவா இரு, எல்லாம் நல்லதுக்குத்தான்"னு சொல்ல உங்க வாட்ஸ்ஆப்ல ஏற்கெனவே பத்து பேர் இருப்பாங்க. பதினோராவது ஆளா நான் வரல. வேலை போனதும் தன்னம்பிக்கை ஏன் இறங்குது, எந்தெந்த இடத்துல இறங்குது, அந்த இடத்துல என்ன பண்ணலாம், இதைத்தான் இன்னைக்குப் பார்க்கப்போறோம்.

ஒரு ஆளைக் கற்பனை பண்ணிக்குவோம். சோழிங்கநல்லூர்ல ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி. அங்க டெஸ்டிங் டீம் லீட். ஏழு வருஷ அனுபவம். ஒரு புதன்கிழமை மதியம் காலண்டர்ல பதினைஞ்சு நிமிஷ மீட்டிங் ஒண்ணு வருது. உள்ள போனா மேனேஜரோட எச்ஆரும் உட்கார்ந்திருக்காங்க. சாயங்காலம் லேப்டாப், ஐடி கார்டு எல்லாத்தையும் ஒப்படைச்சாச்சு.

இப்போ யோசிச்சுப் பாருங்க. செவ்வாய்க்கிழமை அவருக்கு என்னவெல்லாம் தெரியுமோ, அது எல்லாமே வியாழக்கிழமையும் தெரியும். திறமையில ஒரு துளி கூட குறையல. ஆனா மூணு மாசம் கழிச்சு அவரைப் பார்த்தா, "எனக்கு உண்மையிலேயே ஏதாவது தெரியுமா?"ன்னு அவரே சந்தேகப்படுறார். திறமை அப்படியே இருக்கும்போது தன்னம்பிக்கை மட்டும் எப்படிக் குறைஞ்சது?

இந்தக் கேள்விக்கு விடை தேட ஒரு பழைய ஆராய்ச்சி உதவும்.

மூடப்பட்ட ஆலை, மெதுவாகிப் போன நடை

ஆஸ்திரியாவில் வியன்னா நகரத்துக்குப் பக்கத்தில் மரியந்தால் என்று ஒரு சின்ன ஊர். ஊரே ஒரு துணி ஆலையை நம்பி இருந்தது. உலகப் பொருளாதார மந்தம் வந்தபோது ஆலையை மூடிவிட்டார்கள். பெரும்பாலான குடும்பங்களில் வேலை போனது. மரி யகோடா, பால் லாசார்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல் ஆகியோர் அடங்கிய ஆராய்ச்சிக் குழு ஒன்று 1931-32 வாக்கில் அந்த ஊருக்குப் போய், மக்கள் எப்படி நாளைக் கழிக்கிறார்கள் என்று பார்த்தது. 1933-ல் அது புத்தகமாக வந்தது.

அவங்க கண்டுபிடிச்சதுல ஒரு விஷயம் ஆச்சரியமானது. வேலை இல்லாததால எல்லாருக்கும் நாள் முழுக்க நேரம் இருக்கு. அப்போ லைப்ரரில புத்தகம் எடுக்கிறது கூடணும்தானே? கூடல. கிட்டத்தட்ட பாதியாக் குறைஞ்சது. நேரம் நிறைய இருந்தும் படிக்க முடியல.

அடுத்து, ஜன்னலுக்குப் பின்னாடி மறைஞ்சு நின்னு, தெருவுல ஜனங்க எவ்வளவு வேகமா நடக்கிறாங்கன்னு கணக்கெடுத்தாங்க. ஆண்கள் மெதுவா நடந்தாங்க, அடிக்கடி நின்னாங்க. போய்ச் சேர வேண்டிய இடம் இல்லையே! அன்னைக்கு நாள் முழுக்க என்ன பண்ணீங்கன்னு கேட்டா, பல பேரால சொல்லத் தெரியல.

இதுல நாம கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. அங்க ஊருக்கே வேலை போச்சு. "எல்லாரும் இருக்கும்போது உன்ன மட்டும் ஏன் தூக்கினாங்க?"ன்னு அங்க யாரும் யாரையும் கேட்கவே முடியாது. அவமானப்பட எந்தக் காரணமும் இல்ல. அப்படியும் மனுஷங்க துவண்டு போனாங்க. அப்போ, நீங்க தனியா வீட்டுல உட்கார்ந்து துவண்டு போறது உங்க மனசோட பலவீனம் இல்ல. வேலை நமக்கு ஓசைப்படாம கொடுத்துக்கிட்டிருந்த சில விஷயங்கள், வேலையோட சேர்ந்து போயிடுது.

சம்பளம் தவிர அஞ்சு விஷயம்

அந்த விஷயங்கள் என்னென்னன்னு யகோடா பின்னாடி பட்டியல் போட்டாங்க. சம்பளத்தைத் தவிர, ஒரு வேலை நமக்கு அஞ்சு விஷயங்களைத் தருது. ஒண்ணு, நாளுக்கு ஒரு வடிவம். ரெண்டு, வீட்டுக்கு வெளிய மனுஷங்க. மூணு, பல பேர் சேர்ந்து ஒண்ணைச் செய்யிறோம்ங்கிற உணர்வு. நாலு, ஒரு அடையாளம். அஞ்சு, சும்மா இருக்க விடாத ஒரு கட்டாயம்.

நம்ம டெஸ்டிங் லீடுக்கு இதைப் பொருத்திப் பாருங்க. காலையில எட்டரைக்கு கேப் வரும், அதுக்காக ஏழு மணிக்கு எழுந்திருக்கணும். அது முதல் விஷயம். மதியம் கேன்டீன்ல நாலு பேரோட சாப்பாடு, அது ரெண்டாவது. ரிலீஸ் அன்னைக்கு ராத்திரி மொத்த டீமும் முழிச்சிருந்து முடிக்கிறது மூணாவது. கல்யாண வீட்டுல "தம்பி என்ன பண்றீங்க?"ன்னு யாராவது கேட்டா ஒரு வரியில சொல்ல முடியுதே, அது நாலாவது. காலையில மூட் சரியில்லன்னாலும் பத்து மணி மீட்டிங்ல உட்கார்ந்துதான் ஆகணும், அது அஞ்சாவது.

"நான் ஒரு வேலைக்கு ஆகுற ஆள்"ங்கிற நினைப்பு இந்த அஞ்சு மேலயும்தான் நின்னுக்கிட்டிருந்தது. தினமும் அதுக்கு ஏதோ ஒரு சின்னச் சாட்சி கிடைச்சுக்கிட்டே இருந்தது. யாரோ ஒருத்தர் டவுட் கேட்டு வந்தாங்க, நீங்க தீர்த்து வச்சீங்க. இப்போ அந்தச் சாட்சிகள் வர்றது நின்னுடுச்சு. திறமை இருக்கு, ஆனா அதைக் காட்ட ஒரு இடம் இல்ல. அதனாலதான் சந்தேகம் வருது.

அப்போ தீர்வும் அங்கதான் இருக்கு. கண்ணாடி முன்னாடி நின்னு "என்னால முடியும்"னு நூறு தடவை சொல்றதைவிட, இந்த அஞ்சையும் ஒண்ணொண்ணா, சின்ன அளவுல திரும்பக் கட்டுறது பலன் தரும்.

நாளுக்கு வடிவம் வேணும்னா, பெரிய டைம்டேபிள் எல்லாம் வேண்டாம். மூணு ஆணி அடிச்சா போதும்: எழுந்திருக்கிற நேரம், வேலை தேட உட்காருற நேரம், அதை மூடி வைக்கிற நேரம். மூணாவது ரொம்ப முக்கியம். ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் படுத்துக்கிட்டே லிங்க்டுஇன் ஸ்க்ரோல் பண்றது வேலை தேடுறது ஆகாது. அடுத்தவங்க ப்ரமோஷன் செய்தியைப் படிச்சு நம்மள நாமே குத்திக்கிறது அது. காலையில மூணு மணி நேரம் அப்ளை பண்ணுங்க, அதோட லேப்டாப்பை மூடுங்க.

மனுஷங்களுக்கு, வாரத்துல ரெண்டு பேரையாவது நேர்ல பாருங்க. வேலை கேட்கிறதுக்காக மட்டும் போக வேண்டாம். பழைய டீம்ல ஒருத்தரோட ஒரு டீ குடிங்க. உங்களை வேலை செய்யிற ஆளாப் பார்த்தவங்க அவங்க. அவங்க முன்னாடி உட்கார்ந்தா நீங்க யார்னு உங்களுக்கே ஞாபகம் வரும்.

மூணாவதுக்கும் அஞ்சாவதுக்கும் சேர்த்து ஒரே வழி இருக்கு. உங்க திறமை யாருக்காவது பயன்படுற மாதிரி வாரத்துல ஒரு வேலை. தெருமுனைக் கடைக்காரருக்கு எக்செல்ல கணக்கு போட்டுக் கொடுக்கலாம். அப்பார்ட்மென்ட் பசங்களுக்கு சனிக்கிழமை பைத்தான் சொல்லிக் கொடுக்கலாம். ஜூனியர் ஒருத்தரோட ரெஸ்யூமேயைத் திருத்தலாம். சின்னதுதான். ஆனா "வரேன்னு சொன்னீங்களே"ன்னு கேட்க ஒரு ஆள் இருக்கணும். அந்தக் கேள்விதான் உங்களைக் கட்டில்ல இருந்து எழுப்பும்.

நாலாவது, அடையாளம். அதுதான் ரொம்ப வலிக்கிறது. அதைத் தனியாப் பேசுவோம்.

"வேலை போயிடுச்சு", அதைத்தானே சொல்றோம்

தமிழ்ல நாம எப்படிச் சொல்றோம்னு கவனிச்சிருக்கீங்களா? "வேலை போயிடுச்சு." அந்த வாக்கியத்துல போனது வேலை. நாம அங்கேயேதான் நிக்கிறோம். ஆனா அதே ஊர்ல "உத்தியோகம் புருஷ லட்சணம்"னு ஒரு பழமொழியும் இருக்கு. வேலை போனா லட்சணமே போச்சுன்னு அர்த்தமாகுது. இந்த ரெண்டு வாக்கியத்துக்கும் நடுவுலதான் நம்ம பசங்க நிறைய பேர் மாட்டிக்கிட்டு நிக்கிறாங்க.

பொண்ணுங்களுக்கு இது வேற ரூபத்துல வரும். "அதான் வீட்டுலதானே இருக்க, இதைக் கொஞ்சம் பார்த்துக்கோ." ரெண்டே வாரத்துல வீட்டு வேலை மொத்தமும் அவங்க தலையில வந்து விழும். வேலை தேட நேரமும் இருக்காது, அவங்களுக்கு வேலை போனதை ஒரு இழப்பா யாரும் மதிக்கவும் மாட்டாங்க. மரியந்தால்ல கூட பெண்கள் ஆண்களைவிட வேகமாத்தான் நடந்தாங்க. அவங்களுக்கு வீட்டு வேலை தீரல. ஆனாலும் அவங்களும் அந்த ஆலையைத் தேடினாங்க.

சரி, பழியை யார் மேல போடுறோம்? ஓஃபர் ஷரோன் என்ற சமூகவியல் ஆய்வாளர் அமெரிக்காவிலும் இஸ்ரேலிலும் வேலை இழந்த அலுவலகப் பணியாளர்களை ஒப்பிட்டு 2013-ல் ஒரு புத்தகம் எழுதினார். அமெரிக்காவில் வேலை தேடுவது என்பது "உங்களுக்கும் எங்களுக்கும் ஒத்துப்போகிறதா?" என்று பார்க்கும் விளையாட்டு. அதனால் நிராகரிப்பு வந்தால், "என்கிட்டதான் ஏதோ கோளாறு" என்று அவர்கள் நினைத்தார்கள். இஸ்ரேலில் தகுதிப் பட்டியலை வைத்து வடிகட்டுவது அதிகம். அதனால் அங்கே நிராகரிக்கப்பட்டவர்கள், "இந்த முறையே சரியில்லை" என்று நினைத்தார்கள். ஒரே மாதிரி இழப்புதான். ஆட்களை எடுக்கும் முறை வேறு என்பதால், மனசுக்குள் எழும் கேள்வியும் வேறாகிவிடுகிறது.

நம்ம ஊர்ல ரெண்டும் கலந்து நடக்குது. நோட்டீஸ் பீரியட் எவ்வளவு, கரன்ட் சிடிசி எவ்வளவுன்னு கேட்டு முதல்லயே வடிகட்டிடுறாங்க. அதைத் தாண்டினா "கல்ச்சர் ஃபிட்"னு சொல்லி நிறுத்துறாங்க. அதனால ஒரு ரிஜெக்‌ஷன் மெயில் வந்தா, அது உங்களைப் பத்தின தீர்ப்புன்னு நினைக்கிறதுக்கு முன்னாடி, எந்த இடத்துல நின்னு போச்சுன்னு பாருங்க. ரெஸ்யூமேலயே நின்னதுன்னா உங்களை யாரும் பார்க்கவே இல்லன்னு அர்த்தம். பார்க்காத ஆளைப் பத்தி எப்படித் தீர்ப்பு சொல்ல முடியும்?

"இல்லங்க, எனக்கு பெர்ஃபார்மென்ஸ் சரியில்லன்னு சொல்லித்தான் அனுப்பினாங்க"ன்னு சில பேர் சொல்வீங்க. அதையும் நேர்மையாப் பார்ப்போம். மார்ட்டின் செலிக்மன்ங்கிற உளவியலாளர், ஒரு தோல்விக்கு நாம மூணு விதமான விளக்கம் சொல்லிக்கும்போதுதான் நொறுங்கிப் போறோம்னு காட்டினார். "இது எப்பவும் இப்படித்தான்." "எல்லாத்துலயும் நான் இப்படித்தான்." "எல்லாத்துக்கும் நான் மட்டும்தான் காரணம்." இந்த மூணையும் ஒண்ணொண்ணா அளந்து பாருங்க. "கடைசி எட்டு மாசம், ஆட்டோமேஷன் வேலையில, நான் பின்தங்கிட்டேன்." இது உண்மையா இருக்கலாம். ஆனா இதுக்கு ஒரு தேதி இருக்கு, ஒரு எல்லை இருக்கு, கத்துக்கவும் முடியும். "நான் ஒண்ணுத்துக்கும் லாயக்கில்ல"ங்கிறதுக்கு இது எதுவுமே இல்ல. குறையை ஒத்துக்கறதால தன்னம்பிக்கை போகாது. குறைக்கு எல்லை போடத் தெரியலன்னாதான் போகும்.

ஒரு பேனா, அஞ்சு நாள்

இப்போ உடனே செய்யக்கூடிய ஒரு விஷயம். 1994-ல் வெளிவந்த ஓர் ஆய்வு. ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை இழந்த அனுபவசாலிகளான ஊழியர்களை வைத்து, ஜேம்ஸ் பென்னிபேக்கரும் அவருடைய சகாக்களும் நடத்தியது. ஒரு குழுவினர் அஞ்சு நாள், தினம் இருபது நிமிஷம், வேலை போனது பற்றி மனதில் இருப்பதை அப்படியே எழுதினார்கள். கோபம், அவமானம், பயம் எல்லாம். இன்னொரு குழுவினர், நேரத்தை எப்படித் திட்டமிடுவது என்று எழுதினார்கள். சில மாதங்கள் கழித்துப் பார்த்தால், மனதில் இருப்பதை எழுதியவர்களுக்குத்தான் வேகமாக வேலை கிடைத்திருந்தது.

இதுல ஒரு விஷயம் யோசிக்க வைக்குது. எழுதினவங்க மத்தவங்களைவிட அதிகமான இன்டர்வியூவுக்கு ஒண்ணும் போகல. அப்போ வித்தியாசம் இன்டர்வியூவுக்கு உள்ளதான் நடந்திருக்கணும். உள்ள கோபத்தை அடக்கி வச்சுக்கிட்டு போற ஆளுக்கு, "ஏன் வெளிய வந்தீங்க?"ன்னு கேட்டதும் முகம் மாறிடும். பேப்பர்ல அதைக் கொட்டித் தீர்த்த ஆளு நிதானமாப் பதில் சொல்லுவாரு.

அதனால ஒரு பழைய நோட்டு எடுங்க. தமிழோ இங்கிலீஷோ, எதுல வருதோ அதுல எழுதுங்க. ஸ்பெல்லிங் பார்க்க வேண்டாம். யாருக்கும் காட்ட வேண்டாம், ஸ்டேட்டஸ்ல போடவே வேண்டாம். எழுதி முடிச்சதும் கிழிச்சுப் போட்டாலும் பரவாயில்ல.

அதுக்கப்புறம் அந்த "ஏன் வெளிய வந்தீங்க?"க்கு மூணு வரியில பதில் தயார் பண்ணுங்க. என்ன நடந்தது, நான் அங்க என்ன செஞ்சேன், அடுத்து என்ன தேடுறேன். "அந்த ப்ராஜெக்ட்டை கம்பெனி மூடினாங்க, என் ரோலும் அதோட போச்சு. அங்க நாலு வருஷம் பேமென்ட் மாட்யூல் டெஸ்டிங் முழுக்க நான்தான் பார்த்தேன். அடுத்தும் அதே மாதிரி வேலையைத்தான் தேடுறேன்." அவ்வளவுதான். பொய் வேண்டாம், பழைய மேனேஜரைத் திட்டவும் வேண்டாம். கூச்சம் போற வரைக்கும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்க.

"இல்ல"ங்கிற பதிலுக்கு முன்கூட்டியே தயாராகுறது

அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வேலை இழந்தவர்களுக்காக ஒரு பயிற்சிப் பட்டறையை உருவாக்கினார்கள். எப்படி வேலை தேடுவது என்று கற்றுக்கொடுப்பதோடு, பின்னடைவு வந்தால் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே ஒத்திகை பார்க்க வைத்தார்கள். ஒரு வகைத் தடுப்பூசி மாதிரி. அதில் கலந்துகொண்டவர்களிடம் மனச்சோர்வு குறைவாக இருந்தது.

நாமளும் இதைச் செய்யலாம். அப்ளை பண்றதுக்கு முன்னாடியே எழுதி வச்சுக்கோங்க: "இந்தக் கம்பெனி வேண்டாம்னு சொன்னா, அன்னைக்கு சாயங்காலம் நான் என்ன பண்ணுவேன்?" பீச்ல ஒரு நடை போகலாம், ஒரு ஃப்ரெண்டுக்கு போன் போடலாம். மறுநாள் காலையில எந்த மூணு இடத்துக்கு அப்ளை பண்றதுன்னும் எழுதி வைங்க. அடி விழும்போது யோசிக்க முடியாது. அதனால முன்னாடியே யோசிச்சு வச்சுடணும்.

அதே நோட்டுல இன்னொரு பக்கம். இதுவரைக்கும் நீங்க செஞ்ச இருபது விஷயங்களை எழுதுங்க. "ஹார்ட் வொர்க்கிங், டீம் ப்ளேயர்" இந்த மாதிரி வேண்டாம். "தீபாவளிக்கு முந்தின ராத்திரி சர்வர் விழுந்தப்போ, காரணத்தைக் கண்டுபிடிச்சது நான்." இந்த மாதிரி. இடம், நாள், நீங்க செஞ்சது. சாட்சிகள் வர்றது நின்னுடுச்சுன்னு சொன்னேன்ல? பழைய சாட்சிகள் எங்கேயும் போகல. யாரும் அதைக் கூப்பிடல, அவ்வளவுதான்.

வீட்டுல சொல்லணுமா?

சொல்லணும். தினமும் காலையில பேக் மாட்டிக்கிட்டு கிளம்பி, சாயங்காலம் வரைக்கும் ஒரு காபி ஷாப்ல உட்கார்ந்துட்டு வர்றவங்க இருக்காங்க. அம்மா அப்பா கவலைப்படக் கூடாதுன்னுதான் செய்யிறாங்க. ஆனா வேலை போன வலியோட பொய்யைச் சுமக்கிற வலியும் சேர்ந்துக்கும். எல்லாருக்கும் சொல்ல வேண்டாம். முதல்ல ஒருத்தர்கிட்ட சொல்லுங்க. அக்காவா இருக்கலாம், மாமாவா இருக்கலாம். அம்மா அப்பாகிட்ட சொல்லும்போது கூட அவங்க இருக்கட்டும்.

சொல்லும்போது பணக் கணக்கோட சொல்லுங்க. கையிருப்பை மாசச் செலவால வகுங்க, இஎம்ஐயும் சேர்த்து. "அம்மா, வேலை போயிடுச்சு. அஞ்சு மாசம் வரைக்கும் தாங்கும். இந்த ரெண்டு செலவை நிறுத்துறேன்." எண் தெரியாத பயம் ராத்திரியில வளர்ந்துக்கிட்டே போகும். எண் தெரிஞ்சா பயம் இருக்கும், ஆனா அளவோட இருக்கும். கம்பெனி கொடுத்த மெடிக்கல் இன்ஷூரன்ஸ் எந்தத் தேதி வரைக்கும்னு எச்ஆர்கிட்ட மறக்காம கேளுங்க. பெத்தவங்க பேரும் அதுல இருந்திருக்கும்.

சொந்தக்காரங்க கேட்டா? "இப்போதைக்கு ஒரு பிரேக், அடுத்ததைப் பார்த்துக்கிட்டிருக்கேன் சித்தி." அதுக்கு மேல விளக்கம் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்ல.

கடைசியா ஒண்ணு. தூக்கமே வரல, சாப்பிடப் பிடிக்கல, யாரையும் பார்க்கத் தோணல, ரெண்டு வாரத்துக்கு மேல இப்படியே போகுதுன்னா, இந்த எபிசோட்ல சொன்ன எதுவும் போதாது. டாக்டரைப் பாருங்க. உயிரோட இருந்து என்னன்னு ஒரு நினைப்பு வந்தா, ரெண்டு வாரம் எல்லாம் காத்திருக்காம உடனே போன் பண்ணுங்க. அரசோட டெலி மானஸ் எண் 14416. இலவசம், தமிழ்லயே பேசலாம். தமிழ்நாட்டுல 104-க்கும் கூப்பிடலாம்.

இதைக் கேட்கிற உங்களுக்கு வேலை இருக்கலாம், உங்க ஃப்ரெண்டுக்குப் போயிருக்கலாம். அவங்களுக்கு அறிவுரை அனுப்பாதீங்க. "சனிக்கிழமை இந்த வேலையில எனக்கு உன் உதவி வேணும், பத்து மணிக்கு வந்துடு"ன்னு அனுப்புங்க. ஒரு நேரம், ஒரு மனுஷர், ஒரு வேலை, ஒரு மதிப்பு, ஒரு கட்டாயம், அஞ்சுமே அந்த ஒரு மெசேஜ்ல இருக்கு.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.